தேதி குறிக்கப்பட்ட ஊர்: ஃபேர்போர்ன் கிராமம், ஒரு நிகழ்வு ஆய்வு

நிகழ்வு சுருக்கமாக

வேல்ஸின் மேற்குக் கரையில், மௌதாக் ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குத் தெற்கே ஃபேர்போர்ன் இருக்கிறது. நானூற்றுச் சொச்சம் வீடுகள். பெரும்பாலும் ஒரு தளம் மட்டும் கொண்டவை. வசிப்பவர்களில் கணிசமானோர் வேலை ஓய்வுக்குப் பிறகு இங்கிலாந்தின் நடுப்பகுதி நகரங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள். சேமிப்பைப் போட்டு, கடலைப் பார்த்தபடி கடைசிக் காலத்தைக் கழிக்கலாம் என்று வீடு வாங்கியவர்கள்.

2014 பிப்ரவரியில் ஒளிபரப்பான ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியைப் பார்த்துத்தான், தங்கள் ஊருக்கு நாள் குறித்தாயிற்று என்பது இவர்களில் பலருக்குத் தெரிந்தது. சுமார் நாற்பது ஆண்டுகளில் கடற்கரைக் காப்பை நிறுத்தி, அதற்குள் மக்களை வெளியேற்றி, வீடுகளையும் சாலைகளையும் அகற்றிவிடுவது என்பதே உள்ளாட்சியான க்வினெத் கவுன்சிலின் முடிவு. பிரிட்டனில் கடல்மட்ட உயர்வைக் காரணம் காட்டி ஒரு முழு ஊரையும் கலைக்கப் போவதாகப் பேசப்பட்டது அதுதான் முதல் முறை.

முடிவுக்கு அடிப்படையான கணக்கில் பெரிய பிழை இருப்பதாக நான் நினைக்கவில்லை. பிழை சொன்ன வரிசையில் இருக்கிறது. ஊருக்கு ஆண்டைச் சொன்னார்கள், ஆட்களுக்கு வழியைச் சொல்லவில்லை. இந்தக் குறிப்பு அதைப் பற்றியது.

ஊர் உருவான கதை

கார்டிகன் விரிகுடாவில் கடல் நிலத்தைத் தின்பது புதிதல்ல. அங்கே குழந்தைகளுக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. காந்த்ரெர் குவைலோத் என்று ஒரு செழிப்பான நாடு விரிகுடாவின் அடியில் இருந்ததாம். அதைக் காத்தவை கரையும் மதகும். மதகுக்குக் காவல் இருந்த செய்தெனின் ஒரு விருந்து இரவில் குடித்துவிட்டுக் கதவை மூட மறந்துபோக, நாடே மூழ்கியது. கதைக்குச் சான்று கிடையாது. ஆனால் ஃபேர்போர்னுக்குத் தெற்கே போர்த் கடற்கரையில், கடல்நீர் வடியும் வற்றத்தின்போது ஓக், பைன் மரங்களின் அடிக்கட்டைகள் மணலுக்கு வெளியே தலைகாட்டும். அந்தக் காடு மூழ்கி நாலாயிரத்துச் சொச்சம் ஆண்டுகள் ஆகின்றன.

இன்று ஃபேர்போர்ன் இருக்கும் இடம் ஒரு காலத்தில் உப்புச் சதுப்பு. மோர்வா ஹென்தோல் என்பது அதன் பழைய பெயர்களில் ஒன்று. வேல்ஷ் மொழியில் 'மோர்வா' என்றாலே கடலோரச் சதுப்புதான். சில பண்ணைகள், ஆடு மாடு மேய்ச்சல், அவ்வளவே. மலையடிவார மேட்டில் வ்ரியோக் என்ற பழைய குடியிருப்பு இருந்தது. எந்த நிலத்தில் குடியிருக்கலாம், எதில் மேய்க்க மட்டும்தான் செய்யலாம் என்று பழைய ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது.

1860களில் ரயில் வந்ததும் கணக்கு மாறியது. மௌதாக் கழிமுகத்தின் குறுக்கே 1867-இல் பாலம் திறக்கப்பட, எதிர்க்கரையிலிருந்த பார்மத் விடுமுறை ஊராகச் செழித்தது. இக்கரையிலும் அப்படி ஒன்றை உண்டாக்கலாம் என்று 1890களில் நிலத்தை வாங்கியவர் ஆர்தர் மக்டூகல். மாவு வியாபாரத்தில் பேர்போன மக்டூகல் குடும்பத்துக்காரர். கட்டுமானச் சாமான்களைக் கொண்டுபோக 1895-இல் இரண்டடி அகலத் தண்டவாளம் போட்டு, குதிரை பூட்டிய டிராம் ஓட்டினார். பிறகு விடுமுறைக்காரர்களும் அதில் ஏறினார்கள். 1916-இல் அது பதினைந்து அங்குல அகலமுள்ள சின்ன நீராவி ரயிலானது. 1986-இல் இன்னும் சுருங்கி பன்னிரண்டேகால் அங்குலமானது. இன்றும் ஓடுகிறது. ஊர் என்றால் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்த ரயில்தான்.

இரண்டாம் உலகப் போரின்போது எதிரிப் படை இறங்கிவிடக்கூடும் என்று கடற்கரை நெடுக கான்கிரீட் கட்டைகளை வரிசையாக நட்டார்கள். டாங்கிகளை மறிக்க. 'டிராகன் பற்கள்' என்று பேர். அவை இன்னும் அங்கேயே நிற்கின்றன. போர் முடிந்ததும் சமதரை முழுக்க வரிசை வரிசையாகச் சின்ன வீடுகள் எழுந்தன. இப்போது சிக்கலில் இருப்பவை பெரும்பாலும் இவைதான்.

இந்த வரலாற்றில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். யாரும் சட்டத்தை மீறி இங்கே வீடு கட்டவில்லை. சதுப்பை மனையாக விற்றார்கள், கட்ட அனுமதி கொடுத்தார்கள், வங்கி கடன் கொடுத்தது, அரசுப் பணத்தில் கரையைப் பலப்படுத்தினார்கள். வாங்கியவர் இதையெல்லாம் பார்த்துத்தான் வாங்கினார். பின்னாளில் வந்த கோபம் அத்தனைக்கும் வேர் இங்கே இருக்கிறது.

நிலத்தில் கண்டது

ஊருக்குத் தண்ணீர் நான்கு பக்கமிருந்து வரலாம்.

மேற்கே திறந்த கடல். அதைத் தடுப்பது கூழாங்கல் மேடும், அதையொட்டிய சுவரும். வடக்கே கழிமுகம். கடல் ஏற்றத்தின்போது பெருகும் நீரை அங்கே மண்கரை தடுக்கிறது. கிழக்கே செங்குத்தான மலை. பெருமழை பெய்தால் ஓடைகள் நேரே ஊருக்குள் இறங்கும். நாலாவது, காலுக்குக் கீழே. தரை மணலும் கரிச்சேறும் கலந்தது. கடல்மட்டம் ஏறினால் நிலத்தடி நீரும் சேர்ந்து ஏறும். எவ்வளவு உயரச் சுவர் எழுப்பினாலும் இதை மட்டும் தடுக்க முடியாது.

பார்மத் பகுதியில் பெரிய ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையிலான வித்தியாசம் நான்கு மீட்டர் அளவுக்கு இருக்கும். ஏற்றம் உச்சத்தில் இருக்கும் நாளில் சுவருக்கு அந்தப் பக்கம் கடலின் மட்டம், இந்தப் பக்கம் தெருவின் மட்டத்தை விட உயரம். ஊர் இன்றே அப்படித்தான் இருக்கிறது. வாய்க்கால் நீர் கடலுக்குப் போவது வற்றத்தின்போது மட்டும். ஏற்றம் வந்ததும் மதகுக் கதவு தானாக மூடிக்கொள்ளும். கடல்மட்டம் உயர உயர, கதவு திறந்திருக்கும் நேரம் குறையும். வடியாத மழைநீர் உள்ளேயே தேங்கும். பம்பு வைக்கலாம். ஆனால் அதன் பிறகு ஊரின் உயிர் பம்பின் கையில்.

அதிகாரிகளை மிகவும் பயமுறுத்தியது மெதுவான நனைவு அல்ல, திடீர் உடைப்பு. கூழாங்கல் மேடு ஒரு புயல் இரவில் உடைந்தால், தாழ்ந்த தரையில் நீர் வேகமாக ஏறும். மாடி இல்லாத வீடுகள், வயதானவர்கள், ஊரைவிட்டு வெளியேறச் சில சாலைகள். கரையை உயர்த்திக்கொண்டே போனால் உடையும் வாய்ப்பு குறையும். ஆனால் உடைந்தால் வரும் சேதம் கூடும்.

இதற்கு எதிர்வாதமும் நிலத்தைப் பார்த்தே வந்தது. 'இத்தனை வருஷத்தில் கடல் எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லையே' என்றார்கள் ஊர்க்காரர்கள். 2014 ஜனவரிப் புயல்கள் அபெரிஸ்ட்வித் நகரின் கடற்கரை நடைபாதையைப் பெயர்த்தன, கரையோரமாகச் செல்லும் கேம்ப்ரியன் ரயில் பாதையைப் பல இடங்களில் அரித்தன, போர்த்தில் மூழ்கிய காட்டை மணலுக்கு வெளியே கொண்டுவந்தன. ஃபேர்போர்ன் மூழ்கவில்லை. பக்கத்து ஊர்களில் சேதம், இங்கே இல்லை, ஆனால் கலைக்கப் போவது எங்கள் ஊரையா? இந்தக் கேள்வியை அறியாமை என்று ஒதுக்குவது சுலபம். நான் அப்படி ஒதுக்க மாட்டேன்.

இங்கே பக்கவழியாக ஒன்று. ஊருக்குத் தெற்கே சற்றுத் தள்ளி, ரயில் பாதை கடலை ஒட்டிய செங்குத்துப் பாறையில் ஏறிச் செல்கிறது. 1883 ஜனவரி 1 அன்று பாறைச்சரிவில் சிக்கி ஒரு ரயில் எஞ்சின் கீழே விழுந்தது. ஓட்டுநரும் உதவியாளரும் இறந்தார்கள். 1933 மார்ச் 4 அன்று கிட்டத்தட்ட அதே இடத்தில் அதே மாதிரி விபத்து, மறுபடி இரண்டு பேர். அதற்கப்புறம்தான் பாதைக்கு மேல் கான்கிரீட் கூரை போட்டார்கள். இரண்டாவது சாவுக்குப் பிறகு கூரை போட்டவர்களை யாரும் எதிர்க்கவில்லை. ஃபேர்போர்னில் முதல் சாவுக்கு முன்பே செயல்பட நினைத்தார்கள். காட்டுவதற்குக் கையில் சடலம் இல்லை, வரைபடம்தான் இருந்தது. விபத்துக்கு முன் எடுக்கும் முடிவுக்கு எப்போதும் இந்தக் கஷ்டம் உண்டு.

முடிவு எடுத்த விதம்

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கரையோரம் முழுவதையும் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நூறு ஆண்டுக்கான கரையோர மேலாண்மைத் திட்டம் எழுதுவது வழக்கம். ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று காலகட்டம். ஒவ்வொரு கட்டத்திலும் கரையைக் காப்பதா, திட்டமிட்டுப் பின்வாங்குவதா, தலையிடாமல் விட்டுவிடுவதா என்று ஒரு கொள்கை. ஃபேர்போர்னுக்கு எழுதியது இது: 2025 வரை காப்பது, 2055 வரை பின்வாங்குவது, அதன் பிறகு தலையிடாமை. க்வினெத் கவுன்சில் இதை 2013 ஜனவரியில் ஏற்றுக்கொண்டது.

ஏன் இப்படி என்பதற்குக் காரணங்கள் எழுத்தில் இருக்கின்றன. உடைப்பு வந்தால் உயிரிழப்பு அபாயம் கூடிக்கொண்டே போகும். காப்பதற்கு ஆகும் செலவு ஒவ்வொரு தலைமுறையிலும் பெருகும். சில நூறு வீடுகளுக்காக அந்தச் செலவைக் காலாகாலத்துக்கும் நியாயப்படுத்த முடியாது. சட்டமும் இதற்கு இடம் கொடுத்தது. 1949-ஆம் ஆண்டின் கடற்கரைக் காப்புச் சட்டம் உள்ளாட்சிக்குக் கரையைக் காக்கும் அதிகாரத்தைத் தருகிறது, கடமையை விதிக்கவில்லை. அதாவது காக்கலாம், காத்தே தீர வேண்டும் என்பதில்லை. கடலால் வீட்டை இழப்பவருக்கு நஷ்டஈடு பெறும் சட்ட உரிமையும் இல்லை.

அதே சமயத்தில் வேறொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. கழிமுகக் கரையைப் பலப்படுத்தவும் வடிகாலைச் சீராக்கவும் சுமார் 68 லட்சம் பவுண்டு செலவிட்டார்கள். முதல் கட்டக் கொள்கைப்படி அது சரியான செலவுதான், இருக்கிறவரை பாதுகாப்பாக இருக்க வேண்டுமே. ஆனால் தெருவில் நின்று பார்க்கிறவருக்கு? ஒரு கை கரையைக் கட்டுகிறது, இன்னொரு கை ஊரை அழிக்கக் கையெழுத்துப் போடுகிறது. புல்டோசர் கரையில் மண் போடுவதைப் பார்த்து 'இனி பயமில்லை' என்று நினைத்தவர்களிடம், இது முப்பது நாற்பது வருஷத்துக்குத்தான் என்று யாரும் அழுத்திச் சொல்லவில்லை.

கலந்தாலோசனை நடக்கவே இல்லை என்று சொல்ல முடியாது. வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள். ஆனால் நூற்றுக்கணக்கான பக்கங்களில், மேற்கு வேல்ஸின் நெடிய கரைக்கான ஆவணத்துக்குள், தன் தெருவின் தலையெழுத்து இருக்கிறது என்று ஓய்வு பெற்ற ஒருவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

செய்தி வெளிவந்த நாட்கள்

2014 பிப்ரவரியில் தொலைக்காட்சி அதைக் கண்டுபிடித்துச் சொன்னது. புயல் ஓய்ந்து சில வாரங்களே ஆகியிருந்த நேரம். நாடு முழுக்கக் கடற்கரை பற்றிய பயத்தில் இருந்தது.

முதலில் அடிபட்டது வீட்டுச் சந்தை. வங்கிகள் இங்கே வீட்டுக்கடன் கொடுக்கத் தயங்கின. கடன் இல்லையென்றால் முழுப் பணத்தையும் கையில் வைத்திருப்பவர்தான் வாங்க முடியும். வாங்க வருபவர் குறைய, விலை சரிந்தது. கடல் ஒரு சொட்டுக்கூட உள்ளே வராமலேயே வீட்டின் மதிப்பு போய்விட்டது. விற்றுவிட்டுப் பிள்ளைகள் இருக்கும் ஊருக்குப் போகலாம் என்றிருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். விற்றால் வேறெங்கும் வீடு வாங்க முடியாது, விற்காமல் இருந்தால் நாளுக்கு நாள் குறையும்.

அப்புறம் நிருபர்கள் வந்தார்கள். பிரிட்டனின் 'முதல் காலநிலை அகதிகள்' என்று தலைப்பு போட்டார்கள். உலகின் பல மூலைகளிலிருந்தும் கேமராக்கள் வந்தன. சுற்றுலாவை நம்பியிருக்கும் ஊருக்கு அந்தத் தலைப்பு இன்னொரு அடி. ஊரில் பலர் அந்தச் சொல்லை வெறுத்தார்கள். அகதி என்றால் போக்கிடம் தேடி ஓடுகிறவர். இவர்கள் தங்கள் வீட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள்.

ஊர்க்காரர்கள் 'ஃபேர்போர்ன் ஃபேசிங் சேஞ்ச்' என்ற குழுவைத் தொடங்கி, வழக்குப் போடலாமா என்றுகூட யோசித்தார்கள். கடல்மட்டக் கணிப்பின் அடிப்படையைக் கேள்வி கேட்டார்கள். இதே திட்டத்தில் இதே மாதிரிக் கொள்கை எழுதப்பட்ட வேறு தாழ்ந்த ஊர்களும் இருக்க, எங்கள் பேர் மட்டும் ஏன் அடிபடுகிறது என்றும் கேட்டார்கள். கடைசிக் கேள்விக்கு நேர்மையான பதில், ஃபேர்போர்னில்தான் அதிகாரிகள் வெளிப்படையாக வேலையைத் தொடங்கினார்கள் என்பது. அதற்குக் கிடைத்த பரிசு இது. மற்ற ஊர்களின் கவுன்சில்கள் இதைப் பார்த்து என்ன பாடம் கற்றிருக்கும் என்பதை நினைத்தால் எனக்குக் கவலையாகவே இருக்கிறது.

அதன் பிறகு

கவுன்சில், வேல்ஸ் அரசு, இயற்கை வளத் துறை, மற்ற சேவைத் துறைகள் எல்லாம் சேர்ந்த 'ஃபேர்போர்ன் மூவிங் ஃபார்வர்ட்' என்ற கூட்டுத் திட்டம் இந்த வேலையை நடத்தியது. நிலத்தடி நீரை அளந்தார்கள், கடற்கரையின் அசைவைக் கண்காணித்தார்கள், மக்களோடு கூட்டங்கள் நடத்தினார்கள். அதிலிருந்து வந்த பெருந்திட்டம் 2054-ஐ இலக்காகச் சொன்னது. அதற்குள் கட்டடம், சாலை, மின்கம்பி, கழிவுநீர்க் குழாய் எல்லாவற்றையும் அகற்றி, நிலத்தை மறுபடி சதுப்பாக விட்டுவிடலாம் என்பது எண்ணம்.

தொழில்நுட்பப் பக்கம் ஓரளவு நன்றாகவே நடந்திருக்கிறது. மனிதப் பக்கத்தில்தான் தேக்கம். வீடுகளை யார் வாங்குவது, என்ன விலைக்கு, எந்தச் சட்டத்தின் கீழ், வெளியேறுகிறவர்கள் எங்கே போவது? க்வினெத்தில் ஏற்கெனவே வீட்டுத் தட்டுப்பாடு. கடலோர வீடுகளை வெளியூர்க்காரர்கள் விடுமுறைக்கென வாங்கிப் போடுவதால் உள்ளூர் இளைஞர்களுக்கே வீடு கிடைப்பதில்லை. நானூறு குடும்பங்களை அதே பகுதியில் எங்கே வைப்பது? ஒரு கவுன்சிலின் கைக்கு அடங்காத கேள்வி. தேசிய அளவில் சட்டமும் பணமும் வேண்டும். அவை வரவில்லை.

நாளடைவில் ஆண்டைப் பற்றிய பேச்சு இளகியது. 2054 என்பது திட்டமிடுவதற்கான இலக்கு, கதவைச் சாத்தும் தேதி அல்ல என்ற விளக்கங்கள் வந்தன. அறிவியலும் அதைத்தான் சொல்கிறது. 2018-இல் வந்த பிரிட்டன் காலநிலைக் கணிப்பு, வேல்ஸின் தலைநகரான கார்டிஃபில் 2100-க்குள் கடல்மட்டம் எவ்வளவு உயரும் என்பதற்கு இரண்டு வரம்புகளைக் கொடுக்கிறது. வெளியேற்றும் கரியமில வாயு வெகுவாகக் குறைந்தால் 0.27 முதல் 0.69 மீட்டர். கூடிக்கொண்டே போனால் 0.51 முதல் 1.13 மீட்டர். கால் மீட்டரிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் வரை விரியும் கணிப்பிலிருந்து ஒற்றை ஆண்டைப் பிடுங்கி எடுக்க முடியாது. எடுத்தார்கள், அது ஒட்டிக்கொண்டது.

ஊர் காலியாகிவிடவில்லை. சரிந்த விலையைப் பார்த்துக் கையில் பணம் உள்ளவர்கள் வாங்க வந்தார்கள். முப்பது வருஷம் கடலோரத்தில் இருந்தால் போதும் என்று கணக்குப் போட்டவர்கள். ஒருவகையில் நல்லது, வீடுகள் பாழாகவில்லை. ஆனால் கலைக்க வேண்டிய ஊருக்குள் புதிதாக ஆட்கள் குடியேறுகிறார்கள், அவர்களும் பெரும்பாலும் வயதானவர்கள். 2025-இல் முதல் கட்டம் முடிந்தது. சுவர் பராமரிப்பில் இருக்கிறது, கோடையில் சின்ன ரயில் ஓடுகிறது.

அடுத்த முறை எதை மாற்றலாம்

வீட்டின் மதிப்பைத் தொடும் எந்த முடிவும் ஆவணத்தில் ஏறும் முன், வீட்டுக்காரரின் கதவுக்கு வர வேண்டும். தபாலில் அல்ல, ஆளாக. நானூறு கதவுகளைத் தட்ட இரண்டு பேருக்குச் சில வாரங்கள் போதும். இந்த ஊர்க் கதையில் இதைவிட மலிவாகச் செய்திருக்கக்கூடிய திருத்தம் வேறில்லை.

ஆண்டுக்குப் பதில் அளவைச் சொல்லியிருக்கலாம். கடல்மட்டம் இவ்வளவு உயர்ந்தால், மதகு இத்தனை மணி நேரத்துக்கும் குறைவாகத் திறந்தால், கூழாங்கல் மேடு இத்தனை முறை சரிந்தால் அடுத்த படி என்று. அளவுக் கம்பம் ஊர் நடுவில் எல்லோர் கண்ணிலும் படும்படி நின்றால், முடிவு அதிகாரியின் அறிக்கையில் இருக்காது, கடலில் இருக்கும். சந்தேகப்படுகிறவரும் தினம் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். வங்கிக்கும் ஒரு குறிப்பிட்ட வருஷத்தில் எல்லாம் பூஜ்ஜியம் என்ற படம் கிடைத்திருக்காது. இதற்கு எதிராகவும் ஒன்று சொல்லலாம்: தேதி இல்லையென்றால் யாரும் அசைய மாட்டார்கள். உண்மைதான். ஆனால் தேதி சொல்லியும் இங்கே பெரிதாக யாரும் அசையவில்லை.

பணம் பற்றிய பதில் இல்லாமல் பேச்சைத் தொடங்கியதுதான் பெரிய குறை என்று எனக்குப் படுகிறது. முழு விலை கொடுக்க முடியாது என்பது எல்லோருக்கும் புரியும். அரசே வீட்டை வாங்கி, இருப்பவருக்கே குறைந்த வாடகைக்கு விட்டு, காலம் வரும்போது எடுத்துக்கொள்ளும் மாதிரி ஏற்பாடுகள் பற்றிப் பேச்சு இருக்கிறது. வயதானவர் தன் காலம் முழுக்க அங்கேயே இருக்கலாம், கடைசியில் கட்டடம் மட்டும் அரசின் பொறுப்பு. குறையுள்ள பதிலாக இருந்தாலும், 2013-இல் அப்படி ஒன்று மேசையில் இருந்திருந்தால் 2014-இன் பேச்சே வேறாக இருந்திருக்கும்.

ஒரே திட்டத்தில் உள்ள எல்லாத் தாழ்ந்த ஊர்களையும் சேர்த்தே அறிவித்திருக்கவும் வேண்டும். ஒன்றை மட்டும் முன்னால் நிறுத்தியதால் அந்த ஊரின் விலை மட்டும் விழுந்தது, பக்கத்து ஊர்க்காரர் தனக்குச் சம்பந்தமில்லை என்று இருந்துவிட்டார்.

மலையடிவார மேட்டில் வ்ரியோக் இன்னும் இருக்கிறது. கீழே சமதரையில், ஏற்றம் வரும்போது மதகுக் கதவு மூடிக்கொள்கிறது, வற்றத்தில் திறக்கிறது. அந்தச் சமதரையில் வீடு வைத்திருப்பவர்களுக்கு எங்கே இடம் என்பது இதுவரை எந்தத் திட்டத்திலும் முடிவாகவில்லை.